ரெண்டு வயரும் ஒரே லைனில்

பதினோரு வருஷத்தில் இளவரசி சர்வர்களின் முகத்தைப் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம். முன்பக்கம் விருந்தாளிகளுக்கு உரியது. கண்ணாடிக் கதவும் நீல விளக்குகளும் குளிர்ந்த காற்றும் அங்கே இருக்கும். பின்பக்கம் வெக்கை. மின்விசிறிகள் தள்ளும் சூடான காற்று முகத்தில் அடிக்க, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாயில் கடித்த சின்ன டார்ச்சின் வெளிச்சத்தில் வயர் மாட்டுகிறவளுக்கு உரியது பின்பக்கம்.

மேற்கு டெல்லியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் பேஸ்மென்ட்டில் இருந்தது அந்த சர்வர் அறை. இளவரசி மருத்துவமனை ஊழியர் அல்ல. சவுகான் என்பவருடைய ஏஜென்சி அனுப்பிய ஆள். ஊழியர்களின் கழுத்தில் நீல அட்டை தொங்கும், இவள் கழுத்தில் ஆரஞ்சு. ஆரஞ்சு அட்டைக்காரர்களுக்கு கேன்டீனில் தனி வரிசை. ஆறு வருஷமாக அந்த வரிசையில் நின்றாள்.

பிறந்து வளர்ந்தது ஜங்புராவில், பாராபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாயை ஒட்டிய மதராசி கேம்ப்பில். அம்மா தங்கம் விழுப்புரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் போன பிறகு நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, மகளைத் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள். அதன்பின் நேரு பிளேஸில் ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ். வகுப்பில் இருபத்தெட்டு பேர். பெண் இவள் ஒருத்திதான்.

2025 ஜூனில் கேம்ப்பை இடித்தார்கள். பாதிப் பேருக்கு நரேலாவில் வீடு என்றார்கள். பட்டியலில் தங்கத்தின் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று கேட்கப் போன இடத்தில் அடுத்த ஜன்னலைக் காட்டினார்கள். அடுத்த ஜன்னலில் சாப்பாட்டு நேரம். அம்மாவும் மகளும் உத்தம் நகரில் இரண்டாவது மாடியில் ஓர் அறை பிடித்து, மூட்டைகளைப் பிரிக்காமலே ஒரு மாதம் குடியிருந்தார்கள். இடித்த மறுநாளும் இளவரசி வேலைக்குப் போனாள். போகாவிட்டால் சவுகான் வேறு ஆளை அனுப்பிவிடுவார்.

மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர் கௌஷிக். நாற்பதைத் தாண்டியவர், ஜனக்புரியில் வளர்ந்த தமிழர், இப்போது துவாரகாவில் சொந்த ஃபிளாட். முதல் நாள் ரெஜிஸ்டரில் பெயரைப் பார்த்ததும், "இளவரசியா? அட, தமிழா நீ?" என்றார். அன்றிலிருந்து மற்றவர்கள் எதிரில் இந்தியில் மரியாதையாக 'ஆப்' என்பார், தனியாக இருக்கும்போது தமிழில் 'நீ' என்பார். அந்த 'நீ' அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

செப்டம்பரில் புது சர்வர்கள் மூன்று வந்தன. நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் படம், மருந்துச் சீட்டு எல்லாம் இனி இவற்றில்தான் இருக்கும். ரேக்கில் ஏற்ற மட்டும் இரண்டு ஆட்கள் உதவினார்கள். மற்றது முழுக்க இளவரசியின் வேலை. ஒவ்வொரு சர்வருக்கும் பின்னால் இரண்டு பவர் சப்ளை. ஒன்று கெட்டாலும் மற்றது தாங்க வேண்டும் என்றுதான் இரண்டு வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு வயர் இடதுபக்க பவர் ஸ்ட்ரிப்புக்கு, அது ஏ லைன். இன்னொன்று வலதுபக்கத்துக்கு, அது பி லைன். ஏ-க்கு ஒரு யு.பி.எஸ்., பி-க்கு வேறொரு யு.பி.எஸ். நெட்வொர்க் கேபிளும் அப்படியே, ஒன்று மேல் ஸ்விட்சுக்கு, ஒன்று கீழ் ஸ்விட்சுக்கு. ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டினாள். சொருகியதும் 'டிக்' என்ற சத்தம் வந்ததா என்று காது கொடுத்தாள். பிறகு மெல்ல இழுத்துப் பார்த்தாள். பவர் வயரும் நெட்வொர்க் கேபிளும் உரசாதபடி ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் இறக்கிக் கட்டினாள். கடைசியில் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தபோது, பிடிப்பு விழுந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்," என்றார் கௌஷிக். போட்டோ எடுத்து மேலே அனுப்பினார். யார் மாட்டியது என்று அதில் எழுதவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மருத்துவமனையின் சேர்மன் வந்து பொத்தானை அழுத்தித் துவக்கிவைப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் பி லைன் யு.பி.எஸ். 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது. பேட்டரி பழசு. மாற்ற வேண்டும் என்று இளவரசி ஜூலையிலேயே சொல்லியிருந்தாள்.

கௌஷிக் இறங்கி வந்தார். காதைப் பொத்திக்கொண்டார். "சேர்மன் வரும்போது இப்படிக் கத்தினா என் மானம் போச்சு. இதை ஆஃப் பண்ணு."

"ஆஃப் பண்ணா எல்லா சர்வர்லயும் ஒரு பக்கம் மஞ்ச லைட்டு எரியும் சார். ஒரு பவர் இல்லன்னு காட்டும்."

"அப்போ ரெண்டு வயரையும் ஏ-லயே போட்டுடு. எல்லாம் பச்சையா எரியும்."

இளவரசி அவர் முகத்தைப் பார்த்தாள். "வேணாம் சார். ஏ போச்சுன்னா மொத்தமும் படுத்துடும்."

"ஒரே ஒரு நாள். மண்டே சாயங்காலம் மாத்திடலாம். நீ நம்ம ஆளு, உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது? ஜல்தி பண்ணு."

கதவருகில் காவலாளி ராம்பாபு ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பீகார்க்காரர். பேசியது தமிழ்.

இளவரசி அப்படியே மாட்டி, பி லைனை அணைத்தாள். ரெஜிஸ்டரில் 'மின் இணைப்பு வேலை' என்று ஒற்றை வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை சேர்மன் வந்தார், எல்லாம் பச்சையாக எரிந்தது, லட்டு கொடுத்தார்கள். ஆரஞ்சு அட்டைக்காரர்கள் வரைக்கும் லட்டு வரவில்லை.

சாயங்காலம் அவளே பி லைனைப் போட்டாள். கத்தல் சத்தத்தை மட்டும் அமுக்கி வைத்தாள். பேட்டரி செத்திருந்தாலும் கரண்ட் இருக்கும்வரை பி ஓடும். வயரைத் திருப்பி மாட்டட்டுமா என்று கேட்டு கௌஷிக்குக்குச் செய்தி அனுப்பினாள். பதில் வண்டி இரைச்சலோடு குரல் செய்தியாக வந்தது.

"இளவரசி, அந்த ரெண்டு வயரும் ஏ-லயே இருக்கட்டும். இப்போ கை வெக்காத. இப்பதான் எல்லாம் செட்டாகி ஓடுது. பேட்டரி வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம். இதெல்லாம் ரெஜிஸ்டர்ல எழுதிட்டு இருக்காத, ஓகே?"

அதன் பிறகு இரண்டு முறை நேரில் கேட்டாள். முதல் தடவை "அடுத்த வாரம்" என்றார். இரண்டாம் தடவை, "நீ என்ன, எனக்கே டைம்டேபிள் போடறியா?" என்று சிரித்தார். சிரித்தபடி சொன்னாலும் அது சிரிப்பல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றேகால். மாடியில் வார்டில் ஒரு பிரிண்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது எதிரில் இருந்த கம்ப்யூட்டர்த் திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. நர்ஸ்கள் எலியைத் தட்டுவதுபோல மவுஸைத் தட்டினார்கள். இளவரசி லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினாள்.

சர்வர் அறையில் விளக்கு எரிந்தது, ஏ.சி. ஓடியது. ரேக் மட்டும் இருட்டு. ஏ லைன் யு.பி.எஸ். தானாக அணைந்திருந்தது. பக்கத்தில் பி லைன் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வயர்கூட இல்லை.

அவள் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு சர்வரிலும் ஒரு வயரை உருவி பி ஸ்ட்ரிப்பில் சொருகினாள். நாலு நிமிஷத்தில் மூன்றுக்கும் உயிர் வந்தது. ஆனால் நடுவில் கரண்ட் அறுந்ததில் உள்ளே எழுதிக்கொண்டிருந்த தகவல்கள் குலைந்துவிட்டன. சர்வர் கம்பெனி ஆட்கள் வந்து சரிசெய்து முடிக்க ஐந்து மணி நேரம் ஆனது. அந்த ஐந்து மணி நேரமும் ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சீட்டில் எழுதி வார்டு வார்டாக ஓடினார்கள். அன்று காலை எடுத்த ஸ்கேன்கள் போயே போய்விட்டன. எழுபது வயது அம்மாள் ஒருத்தியை மறுபடி ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த அம்மாளின் மகன் செல்வாக்குள்ளவர். வராந்தாவில் நின்று கத்தியதை அவரே படம் பிடித்து வெளியிட்டார். சாயங்காலத்துக்குள் அதை லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். இனி யாராவது ஒருவரைக் குற்றவாளியாகக் காட்டியாக வேண்டும்.

சனிக்கிழமை விசாரணை. நிர்வாகத்திலிருந்து ஜ்யோத்ஸ்னா மேடம், கௌஷிக், ஏஜென்சி சவுகான். மேசையில் ரெஜிஸ்டர் திறந்து கிடந்தது. இளவரசியின் கையெழுத்து தெளிவாக இருந்தது.

"இரண்டு வயரையும் ஒரே லைனில் மாட்டியது நீங்கள்தானே?" என்று ஜ்யோத்ஸ்னா இந்தியில் கேட்டார்.

"நான்தான் மேடம். கௌஷிக் சார் சொன்னதால."

கௌஷிக் நிமிரவில்லை. "பன்னிரண்டாவது படிச்ச பொண்ணு கூட இந்தத் தப்பைப் பண்ணாது. நான் எப்படி அப்படிச் சொல்லுவேன்?" என்றார் இந்தியில். பிறகு ஒன்று சேர்த்துக்கொண்டார். "சர்வர் நின்னதும் யாருக்கும் சொல்லாம அவசர அவசரமா வயரை மாத்தியிருக்காங்க. எதை மறைக்கன்னு கேளுங்க."

அவள் அந்த நாலு நிமிஷத்தில் செய்ததற்கு அப்படியும் ஒரு பெயர் வைக்கலாம் என்று இளவரசிக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

ராம்பாபுவை அழைத்தார்கள். அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "சேர்மன் வர்றதுக்கு முந்தின சனிக்கிழமை சாஹப் வந்தார், இந்தப் பொண்ணோட பேசினார். உண்மை. ஆனா மதராசியில பேசினாங்க மேடம். எனக்கு என்ன புரியும்?"

இளவரசி போனை எடுத்தாள். "என்கிட்ட சாரோட குரலே இருக்கு." போட்டாள். வண்டி இரைச்சலுக்கு நடுவே கௌஷிக்கின் குரல் அறை முழுவதும் கேட்டது. 'ரெண்டு வயரும் ஏ-லயே இருக்கட்டும்.' போதும், இனி யாரும் எதுவும் சொல்ல முடியாது என்று அவள் நினைத்தாள்.

தமிழ் தெரியாத ஜ்யோத்ஸ்னா கௌஷிக் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றீங்க இதில?"

அவரிடமே கேட்டார்கள். அவருடைய வார்த்தைக்கு அவரையே அர்த்தம் கேட்டார்கள்.

கௌஷிக் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ரெண்டு வயரும் ஏ-யிலேயே இருக்குதே, அப்படி வைக்காதே, பேட்டரி வந்ததும் சரியா பாத்துக்கோன்னு சொல்றேன்."

"ஜூட்!" இளவரசி எழுந்துவிட்டாள். பொய் என்று இந்தியில் கத்தியவள் அப்படியே தமிழில் அவர் பக்கம் திரும்பினாள். "சார், என் மூஞ்சிய பாத்து சொல்லுங்க. இருக்கட்டும்னா என்னா அர்த்தம்? உங்க வீட்டுல பேசற பாஷைதான அது?"

"பாத்தீங்களா, எப்படிப் பேசறாங்கன்னு," என்றார் கௌஷிக் மேடமிடம், இந்தியில்.

ஜ்யோத்ஸ்னா அநியாயம் செய்ய நினைத்தவர் அல்ல. தமிழ் தெரிந்த வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். டயாலிசிஸ் வார்டு தலைமை நர்ஸ் ருக்மிணியை வரவழைத்தார்கள். திருநெல்வேலிக்காரர், ஐம்பது வயது, மருத்துவமனையில் இருபது வருஷம். பொங்கலன்று இளவரசிக்குத் தனியாக டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து தருகிறவர். அவரைப் பார்த்ததும் இளவரசிக்கு மூச்சு வந்தது.

செய்தியை ருக்மிணி இரண்டு முறை கேட்டார். முதல் முறை முடிந்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது முகத்தில் தெரிந்தது. இரண்டாம் முறை கேட்கையில் அவர் கௌஷிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப இரைச்சல் மேடம்," என்றார் கடைசியில். "ரெண்டு வயர், ஏ, பேட்டரின்னு கேக்குது. மத்தது கம்ப்யூட்டர் விஷயம். நான் நர்ஸ், எனக்கு இதோட அர்த்தம் சொல்லத் தெரியாது."

"அக்கா," என்றாள் இளவரசி.

ருக்மிணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார்.

வெளியாளை வைத்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம், அதுவரை பொறுங்கள் என்றார் ஜ்யோத்ஸ்னா. செய்தியைத் தன் போனுக்கும் அனுப்பச் சொன்னார். அனுப்பினாள். அதன் மேல் என்ன நடந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. சவுகான் பொறுக்கவில்லை. மருத்துவமனை ஒப்பந்தம் முக்கியம், ஓர் ஆள் முக்கியமல்ல. அன்று மாலையே ஆரஞ்சு அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். "கவனக்குறைவால் நீக்கம்" என்று அவர் எழுதியது மற்ற ஏஜென்சிகளுக்கும் போயிற்று.

மெட்ரோ படிக்கட்டில் ருக்மிணி காத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு எல்லாம் கேட்டுச்சு இளவரசி. ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு."

இளவரசி நின்றாள்.

"என் மவன் ப்ரணவை இப்பதான் இங்க கம்ப்யூட்டர் பிரிவுல எடுத்திருக்காவ. ஆறு மாசம் ட்ரையல். கௌஷிக் சார் கையெழுத்துப் போட்டாத்தான் பெர்மனென்ட். நான் என்ன செய்ய முடியும், நீயே சொல்லு. நீ சின்னப் பிள்ள, திறமைக்காரி. உனக்கு வேற எங்கயும் கிடைச்சிரும்."

"எனக்கு முப்பத்தஞ்சு அக்கா," என்றாள் இளவரசி. "கேட்டுச்சுன்னு இங்க சொல்றீங்க. உள்ள சொல்லியிருக்கலாம்."

ருக்மிணியின் கண்ணில் நீர் வந்தது. அவர் அழுவதைப் பார்க்க இளவரசிக்குப் பொறுமை இல்லை. படியேறிப் போய்விட்டாள்.

வீட்டில் தங்கம் விஷயத்தைக் கேட்டு அழவில்லை. அரிந்துகொண்டிருந்த கத்திரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். "தமிழ்ல பேசனா நம்ம ஆளாடி? நான் பாத்திரம் தேச்ச வூட்டுல பாதிப் பேரு என்னத் தமிழ்லதான் திட்டுனாங்க. இந்தியில திட்டறவங்களாவது அக்காளே தங்கச்சியேன்னு உறவு கொண்டாடல."

"நான் மாட்டியிருக்கக் கூடாதும்மா," என்றாள் இளவரசி. "வேணாம்னு சொன்னன்ல, சொன்னதோட நின்னிருக்கணும். கை என்னுதுதான?"

அதுதான் அவளை அரித்தது. கௌஷிக்கின் பொய்யை அவளால் திட்ட முடிந்தது, ருக்மிணியின் பயத்தை வெறுக்க முடிந்தது. தவறு என்று தெரிந்தே சொருகிய தன் விரல்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த அம்மாளை மறுபடி ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போன காட்சியை அவள் நேரில் பார்க்கவில்லை. வீடியோவில்தான் பார்த்தாள். பலமுறை பார்த்தாள்.

நவம்பரில் பி லைனுக்குப் புது பேட்டரி வந்தது என்று ராம்பாபு போனில் சொன்னார். கௌஷிக் இப்போது குழுமத்தின் மூன்று மருத்துவமனைகளுக்கும் தலைவர். பேரிடரிலிருந்து ஐந்தே மணி நேரத்தில் மீண்டது எப்படி என்று ஒரு கூட்டத்தில் பேசினாராம். "நீதான் அன்னைக்கு ஓடி வந்து மாட்டுனே, எனக்குத் தெரியும் பேட்டி," என்றார் ராம்பாபு. மகளே என்று அவர் கூப்பிட்டதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், "அச்சா பையா," என்று அண்ணன் முறை சொல்லி வைத்துவிட்டாள்.

ஜனவரியில், சவுகான் எழுதியதைக் கண்டுகொள்ளாத ஒரு சின்ன ஏஜென்சி குருகிராமில் ஒரு சர்வர் அறைக்கு அவளை அனுப்பியது. நன்றாகத்தான் போயிற்று, மூன்றாவது வாரம்வரை. அன்று ஒரு புது சர்வர். வலதுபக்க ஸ்ட்ரிப்பில் இடம் இல்லை. மேற்பார்வையாளர் நின்றபடியே, "இப்போதைக்கு ரெண்டையும் இடதுபக்கம் போடு," என்றார் இந்தியில்.

இளவரசி வயரைக் கீழே வைத்தாள். "எழுதிக் குடுங்க சார், போடறேன்."

"என்ன?"

"மெயில் வேணாம், இந்த ரெஜிஸ்டர்லயே ஒரு வரி எழுதி, கையெழுத்து."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படவில்லை. கீழே கிடந்த வயரைக் குனிந்து எடுத்து, பக்கத்தில் நின்ற இன்னொரு டெக்னீஷியனிடம் நீட்டினார். அந்த ஆள் அரை நிமிஷத்தில் இரண்டையும் சொருகினான். பச்சை விளக்குகள் எரிந்தன. மறுநாள் இளவரசியை வரச் சொல்லவில்லை.

இப்போது நொய்டாவில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு மாலில் வேலை பார்க்கிறாள். பார்க்கிங் தளத்துக் கூரையில் கேமராக்களுக்குக் கேபிள் இழுக்கும் வேலை. காலை ஏணியில் ஏறினால் மத்தியானம்தான் இறங்குவாள். கழுத்து வலிக்கும், தலையெல்லாம் சிமென்ட் தூசி. மாட்டுகிற கேமராவுக்கு ஒரே ஒரு கேபிள்தான், அதிலேயே கரண்டும் போகும், படமும் வரும். எந்தப் பக்கம் சொருகுவது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. போன வாரம் புதிதாக வந்த இன்ஜினியர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஏணிக்குக் கீழே வந்து அண்ணாந்து, "நீங்க தமிழா மேடம்? எந்த ஊர்?" என்று ஆசையாகக் கேட்டான்.

கேபிளைப் பிடித்த கையை எடுக்காமல், "நஹீ," என்றாள் இளவரசி. "டெல்லி."